மன்று எழும்பும் வரை

குருநகர் சிமியோன் தன் நாற்பத்து நான்கு வயதுக்குள் வாயால் ஒரு சொல்லும் சொன்னதில்லை. பிறவியிலேயே காது கேளாது, அதனால் பேச்சும் வரவில்லை. இது அவனுடைய தெருவுக்குத் தெரியும், அந்தோனியார் கோயில் சுவாமியாருக்குத் தெரியும், கடலில் பக்கத்து வள்ளத்துக்காரனுக்கும் தெரியும். அப்படிப்பட்டவன் ஒரு திங்கட்கிழமை காலை, கடற்கரையோரக் காவலரண் ஒன்றில், இருபது நிமிடத்துக்குள் மூன்று பக்க வாக்குமூலம் கொடுத்திருந்தான். எழுத்துப் பிழை நாலைந்து இருந்ததே தவிர, பேச்சில் ஒரு தடுமாற்றமும் இல்லை.

அவனுடைய மனைவி அற்புதராணி அந்த வாக்குமூலத்தை மறுநாள் நீதிமன்றத்தில்தான் கேட்டாள். நண்டுக் கொம்பனியில் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்து, கடைசி வாங்குப் பலகையில் இருந்தாள். பொலிஸ் சார்ஜன் எழுந்து நின்று வாசித்தார்.

“‘நான் உத்தியோகத்தரின் விசில் சத்தத்தைத் தெளிவாகக் கேட்டும் கேளாதவன் போல் சைக்கிளை விரைவாகச் செலுத்தினேன். என்னைத் துரத்தி வந்த உத்தியோகத்தர் வாய்க்காலில் விழுந்து முழங்காலில் காயமடைந்தார். இதற்கு நானே முழுப் பொறுப்பு.’ வாக்குமூலம் வாசித்துக் காட்டி விளங்கப்படுத்தப்பட்டது. சரியென ஏற்றுக் கையொப்பமிட்டார்.”

அற்புதராணிக்கு முதலில் கோபம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. பதினேழு வருடக் குடும்ப வாழ்க்கையில் தனக்கு ஒரு சொல்லும் சொல்லாத மனுசன், முன்பின் தெரியாத பொலிஸ்காரனுக்கு இவ்வளவு விரிவாகக் கதை சொல்லியிருக்கிறானே என்று. அடுத்த நிமிடமே கோபமும் வந்து சேர்ந்தது.

குற்றஞ்சாட்டப்பட்டவரை அங்கே எதிரி என்பார்கள்; எதிரிக்கூண்டில் சிமியோன் நின்றான். அவனுடைய பெயரை மூன்று முறை உரத்துக் கூப்பிட்டார்கள். ஆறடி தூரத்தில் நிற்கிறவனை மூன்று முறை கூப்பிட வேண்டும் என்பது விதி. அவன் திரும்பவில்லை. கூரையில் சுற்றிய காற்றாடியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த மன்றுக்கு அருட்பிரகாசம் என்றொரு முதலியார் இருந்தார். முதலியார் என்றால் அங்கே மொழிபெயர்ப்பாளர். முப்பத்தொரு வருடச் சேவை. வெயில் காலத்திலும் கழுத்துப் பட்டி கட்டுவார். குற்றச்சாட்டை எதிரிக்கு விளங்கப்படுத்துவது அவருடைய கடமையாகையால், அவர் கூண்டருகே போய், சிமியோனின் வலது காதுக்குள் குற்றச்சாட்டைக் கத்தினார். பிறகு இடது காதுக்குள் கத்தினார். பலன் இல்லாததைக் கண்டு, ஒருவேளை மொழிதான் பிழையோ என்று நினைத்து, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கத்தினார். வெளியே மரத்தடியில் தன் வழக்குக்காகக் காத்து நின்ற சைக்கிள் கள்ளன் ஒருவனுக்குக்கூட அந்தக் குற்றச்சாட்டு நன்றாக விளங்கியது.

சிமியோனுக்கு முதலியாரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கழுத்து நரம்பு புடைத்து, முகம் சிவந்து, மனுசன் விழுந்துவிடுவார் போல இருந்தார். பெருவிரலை வாயருகே கொண்டுபோய், இவருக்கு யாராவது தண்ணீர் கொடுங்கள் என்று சைகை காட்டினான். வழக்கேட்டில் இப்படிப் பதிவாயிற்று: ‘எதிரி மன்றில் மதுபானம் கேட்டார்.’

அற்புதராணியால் இருக்க முடியவில்லை. எழுந்தாள்.

“ஐயா, அவருக்குக் காது கேளாது. நான் அவரின்ரை மனிசி. நான் கையாலை சொன்னால் அவருக்கு எல்லாம் விளங்கும்.”

முதலியார் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பினார்.

“மனிசி எண்டபடியாலைதான் ஏலாது. நீங்கள் இந்த வழக்கிலை அக்கறையுள்ள ஆள். மன்றுக்கு வேண்டியது அக்கறையில்லாத ஆள்.”

“அக்கறையில்லாத ஆக்கள் இஞ்சை கனபேர் இருக்கினம் போலை. அவையிலை ஒராளுக்கும் கைப்பாஷை தெரியாதோ?”

“தங்கச்சி, நான் மூண்டு பாஷைக்குச் சத்தியம் செய்த ஆள். கைக்கு எண்டு ஆரும் சத்தியம் செய்யேல்லை. அப்பிடியொரு பதவி எங்கடை மன்றிலை இல்லை. பதவி இல்லாட்டி அந்தப் பாஷையும் இல்லை. இருங்கோ.”

இலவச சட்ட உதவியில் வந்திருந்த சட்டத்தரணி தக்சாயினி எழுந்து பிணை கேட்டாள். சின்ன வயதுப் பெண், கெட்டிக்காரி. ஆனால் வாயைத் திறக்கும்போதெல்லாம் யாராவது கையமர்த்திவிடுவார்கள். நீதவான் அவளைக் கையமர்த்திவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு சொன்னார்:

“இந்த வாக்குமூலம் மூன்று பக்கம். காது கேளாத, வாய் பேசாத ஒருவரால் மூன்று பக்க வாக்குமூலம் கொடுக்க முடியாது. ஆனால் வாக்குமூலம் மன்றின் முன்னால் இருக்கிறது. எனவே எதிரிக்குக் காது கேட்கும் என்று கொள்ள இடமிருக்கிறது. இருந்தாலும் இந்த மன்று இரக்கமுள்ளது. மருத்துவ அறிக்கை ஒன்று பெறும்படி கட்டளையிடுகிறேன். பிணையைப் பொறுத்தவரை எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பிணை நிபந்தனைகளை எதிரிக்கு விளங்கப்படுத்தி, அவர் விளங்கிக்கொண்டார் என்று பதியவேண்டும். அதற்கு மொழிபெயர்ப்பாளர் இல்லை. விளங்காத ஒருவரை வெளியே விட்டால் அவருடைய உரிமை பாதிக்கப்படும். ஆகவே அவருடைய உரிமையைப் பாதுகாக்கும் பொருட்டு, அவரைப் பதினான்கு நாள் விளக்கமறியலில் வைக்கிறேன்.”

உரிமை பாதுகாக்கப்பட்ட சிமியோனைக் கைவிலங்கு போட்டுக் கொண்டுபோனார்கள். வாசலில் அவன் திரும்பி மனைவியைப் பார்த்தான். எதற்காக இதெல்லாம் என்று கேட்க நினைத்தான். கேட்கிற கையில்தான் விலங்கு இருந்தது.

பதினான்கு நாளுக்கொருமுறை வழக்குத் தவணை. மருத்துவ அறிக்கை இரண்டாம் தவணைக்கு வந்தது. சிமியோனைக் கண்ணாடி அறை ஒன்றில் இருத்தி, காதில் கருவியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்கும் ஒவ்வொரு முறையும் பொத்தானை அமத்தும்படி வாயால் சொல்லியிருக்கிறார்கள். அறிக்கையின் கடைசி வரி: ‘நோயாளி பரிசோதனைக்கு ஒத்துழைக்கவில்லை. நாற்பது நிமிடத்தில் ஒரு தடவைகூடப் பொத்தானை அமத்தவில்லை.’ நீதவான் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, ஒத்துழைக்காத எதிரியை இன்னொரு பதினான்கு நாளுக்குப் பாதுகாத்தார்.

அற்புதராணிக்கு வழக்கு ஒரு புறம், வேறொரு தவிப்பு மறுபுறம். அன்றைக்குத் தெருவில் உண்மையில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. கேட்டால் அவன் சொல்லுவான். சொன்னால் சட்டத்தரணிப் பிள்ளைக்குச் சொல்லலாம். இதற்காகவே சனிக்கிழமைதோறும் விளக்கமறியற்சாலைக்குப் போனாள். முதல் சனிக்கிழமை, கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அவன் வந்து இருந்ததும் கையைத் தூக்கினாள். பக்கத்தில் நின்ற காவலர் பாய்ந்து வந்தார்.

“கையைக் கீழை வையுங்கோ! இஞ்சை சைகை காட்டேலாது.”

“ஐயா, அவருக்குக் காது கேளாது. கைதான் எங்கடை கதை.”

“அது எனக்குத் தெரியாது. சைகை எண்டால் பாதாளக் குழுக்காரர் பாவிக்கிறது. மேலிடத்துச் சுற்றறிக்கை இருக்கு. பாக்க வாற ஆக்கள் எங்களுக்குக் கேக்கக்கூடிய மாதிரித்தான் கதைக்கோணும். வாயாலை என்னவும் கதையுங்கோ, நான் தடுக்கமாட்டன்.”

ஆகவே சனிக்கிழமைதோறும் பத்து நிமிடம், இரண்டு பேரும் கைகளை மேசையில் வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அவன் மெலிந்துகொண்டு வந்தான். தாடி நரைத்துக்கொண்டு வந்தது. ஒருநாள் அவன் அழுதான். கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினபோது காவலர் அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸுக்குள்ளேயே அற்புதராணிக்கு ஓவென்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. கத்துகிறவர்களை அவள் நீதிமன்றத்தில் நிறையப் பார்த்துவிட்டாள்.

ஐந்தாம் தவணைக்கு மன்று கூடவில்லை. மன்று முழுவதும், ‘செவிப்புலனற்றோருக்கும் நீதி’ என்ற ஒருநாள் கருத்தரங்குக்குப் போயிருந்தது. தவணை தானாகவே பதினான்கு நாள் தள்ளிப்போயிற்று. தக்சாயினி, யாரையாவது கண்டு பேசலாம் என்ற நம்பிக்கையில், அற்புதராணியையும் அந்த மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

மண்டபம் குளிரூட்டப்பட்டது. மேடையில் பூச்சாடி, குத்துவிளக்கு, நான்கு ஒலிபெருக்கி. கடைசி வரிசையில் ஏதோ சங்கத்திலிருந்து கூட்டிவந்த ஆறு செவிப்புலனற்றவர்கள் வெள்ளைச் சட்டையோடு இருந்தார்கள். சைகை மொழிபெயர்ப்பாளர் இல்லை. அந்த ஒதுக்கீடு குத்துவிளக்குக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் போய்விட்டது. கொழும்பிலிருந்து வந்த பெரியவர் பேசினார்:

“செவிப்புலனற்ற எமது சகோதரர்களிடம் நான் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் குறைகளை வாய்விட்டுச் சொல்லுங்கள்! நீங்கள் மௌனமாக இருக்கும்வரை எங்களால் எதுவும் செய்ய முடியாது. இவ்வளவு காலமும் எங்கள் திணைக்களத்துக்கு ஒரு செவிப்புலனற்றவராவது தொலைபேசி எடுத்தது கிடையாது. இதிலிருந்து என்ன தெரிகிறது? அவர்கள் திருப்தியாக இருக்கிறார்கள் என்று தெரிகிறது!”

கைதட்டல் எழுந்தது. கடைசி வரிசைக்காரர் மற்றவர்கள் தட்டுவதைப் பார்த்துத் தாங்களும் தட்டினார்கள். அடுத்து, நன்றியுரை சொல்ல வந்த முதலியார் அருட்பிரகாசம் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்து, “பின்னாலை இருக்கிற ஆக்களுக்குக் கேக்குதோ?” என்றார். பதில் இல்லை. ஆட்சேபணை எதுவும் இல்லை என்று எடுத்துக்கொண்டு தொடர்ந்தார். முடிவில் அந்த ஆறு பேருக்கும் நினைவுப் பரிசாக ஆளுக்கொரு வெண்கல மணி கொடுக்கப்பட்டது. ஆறு பேரும் அதை ஆட்டி ஆட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அற்புதராணி சாப்பாட்டு வரிசையில் நீதவானைக் கண்டு கிட்டப் போனாள்.

“ஐயா, சிமியோன்ரை மனிசி நான். அறுபது நாளுக்கு மேலையாச்சு...”

நீதவான் கனிவோடு சிரித்தார். “அம்மா, இது கருத்தரங்கு. வழக்கைப் பற்றி இங்கே பேசுவது முறையல்ல. ஆனால் உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் இதெல்லாம் செய்கிறோம். சாப்பிட்டீர்களா?”

அவள் சாப்பிடவில்லை. கோழிக்கால் அவளுக்கு இறங்காது என்று தெரிந்தது.

ஆனாலும் கருத்தரங்கு வீண்போகவில்லை. ஏழாம் தவணைக்கு, சிமியோன் உள்ளே போய்த் தொண்ணூற்றெட்டாம் நாள், சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஏற்பாடாயிற்று. அவர் கொழும்பில் இருந்தார். சூமில் வருவார். கணினித் திரை ஒன்றைக் கொண்டுவந்து எதிரிக்கூண்டுக்கு முன்னால் வைத்தார்கள். அன்றைக்குத்தான் வாய்க்காலில் விழுந்த கொன்ஸ்தாபிள் லக்ஷனும் முதன்முறையாகச் சாட்சிக்கு வந்து வெளியே நின்றான். பெயர் கூப்பிட்டபோது அற்புதராணி எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

திரையில் ஒரு பெண்ணின் முகமும் இரண்டு கைகளும் தெரிந்தன. சிமியோன் கூண்டின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முன்னுக்குச் சாய்ந்தான். அந்தப் பெண் கையை உயர்த்தி, உங்கள் பெயர் என்ன என்று கேட்டாள். அற்புதராணி வாங்கின் நுனிக்கு நகர்ந்தாள். அவளுக்குத் தெரிந்த பாஷை. அவனுக்கும் தெரிந்த பாஷை. அந்தோனியாரே, இனி எல்லாம் சரிவரும்.

அப்போது படம் நின்று நின்று அசைந்தது. குரல் விட்டு விட்டு வந்தது. நீதவான் முகத்தைச் சுளித்தார். முதலியார் விரைந்து திரைக்குக் கிட்டப் போனார்.

“அம்மா, உங்கடை சத்தம் வெட்டி வெட்டி வருது. காமராவை நிப்பாட்டுங்கோ, அப்பத்தான் லைன் காணும்.”

“ஐயா, நான் சைகை மொழிபெயர்ப்பாளர். காமரா இல்லாட்டி அவர் என்னைப் பாக்கேலாதே?”

“பாக்கத் தேவையில்லை. எங்களுக்குக் கேட்டால் காணும்.”

“அவருக்கு எப்படி...”

“நிப்பாட்டுங்கோ அம்மா, மன்றை மினக்கெடுத்தாதேங்கோ.”

திரை கறுத்தது. நடுவில் அந்தப் பெண்ணின் பெயர் மட்டும் வெள்ளை எழுத்தில் நின்றது. குரல் கணீரென்று வந்தது.

“இப்போது மிகவும் தெளிவாக இருக்கிறது,” என்றார் நீதவான். “முதலியார், குற்றச்சாட்டை வாசியுங்கள்.”

முதலியார் வாசித்தார். கறுத்த திரைக்குள்ளிருந்து அந்தப் பெண் பரிதாபமாக, “ஐயா, நான் காட்டுறன், ஆனால் ஒருவருக்கும் தெரியாது,” என்றாள். முதலியார் அதைப் பதியவில்லை. ‘சைகை மொழியில் விளங்கப்படுத்தப்பட்டது’ என்று பதிந்தார். சிமியோன் கறுப்புத் திரையையே உற்றுப் பார்த்தபடி நின்றான்.

“குற்றவாளியா, சுற்றவாளியா?” என்று நீதவான் கேட்டார். தக்சாயினி எழுந்தாள், கையமர்த்தினார்கள். மூன்று முறை கேட்டார். பிறகு பேனாவை எடுத்தார். “இந்த மன்று செய்யக்கூடிய எல்லா ஏற்பாட்டையும் செய்துவிட்டது. எதிரி எதையும் மறுக்கவில்லை. ஆகவே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக...”

அற்புதராணி எழுந்தாள். வாய் திறக்கவில்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, சிமியோன் திரும்பும்வரை ஆட்டினாள். அவன் திரும்பினான். அவள் கையால் கேட்டாள்: அன்றைக்கு ரோட்டில் என்ன நடந்தது? சொல்லு.

தொண்ணூற்றெட்டு நாளில், பெயரைத் தவிர, அவனுக்கு விளங்கும்படி கேட்கப்பட்ட முதற் கேள்வி அதுதான். அவனுடைய முகம் விரிந்தது. கைகளைத் தூக்கினான். இரண்டு பொலிஸ்காரர் பாய்ந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்கள்.

நீதவானுக்கு உண்மையாகவே மனம் நொந்துவிட்டது. “செவிப்புலனற்ற ஒருவருக்காக இந்த மன்று எவ்வளவு சிரமப்பட்டு ஒரு ஏற்பாட்டைச் செய்திருக்கிறது! அதைக் குழப்பி, எதிரிக்குச் சாடை காட்டி, மன்றை அவமதித்திருக்கிறீர்கள். உங்களை இன்று மன்று எழும்பும் வரை தடுத்து வைக்கும்படி கட்டளையிடுகிறேன். வழக்கு வருகிற இருபத்தெட்டாம் திகதிக்கு ஒத்திவைக்கப்படுகிறது.”

மன்று எழும்பும் வரை கைதிகளை அடைத்து வைக்க நீதிமன்றத்தின் பின்புறம் இரண்டு கூடுகள் இருந்தன. ஒன்று ஆண்களுக்கு, ஒன்று பெண்களுக்கு. நடுவில் ஒரு நடை. நடையில் ஒரு கதிரை, கதிரையில் ஒரு காவலாளி. சுவரில் அறிவித்தல்: ‘ஆண், பெண் கைதிகள் ஒருவரோடொருவர் கதைத்தல் கூடாது.’ சைகை கூடாது என்ற சுற்றறிக்கை சிறைச்சாலைக்குரியது. இது வேறு திணைக்களம். காவலாளி சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டு, யாராவது கதைக்கிறார்களா என்று காது கொடுத்தார். ஒருவரும் கதைக்கவில்லை. அரை மணிக்கொருமுறை புத்தகத்தில் ‘அமைதி’ என்று எழுதினார்.

கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சிமியோன் முதலில் கேட்டது ஒரு கேள்வி. அந்தப் பொலிஸ்காரன் செத்துப்போனானா?

அற்புதராணிக்கு விளங்கவில்லை. பொலிஸ்காரன் ஏன் சாக வேண்டும்?

அவன் சொன்னான். அன்றைக்குக் காலை மீன்பெட்டியோடு சைக்கிளில் போனேன். எதிரே வந்த மனிசி கண்ணை விரித்துக்கொண்டு எனக்குப் பின்னால் காட்டினாள். திரும்பிப் பார்த்தால் ஒருத்தன் வாய்க்காலுக்குள் கிடக்கிறான், தொப்பி மிதக்கிறது. சைக்கிளைப் போட்டுவிட்டு இறங்கினேன். கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிவிட்டேன். முழங்காலில் இரத்தம். என் துவாயைக் கிழித்துக் கட்டினேன். அவன் என் கையைப் பிடித்தான். நன்றி சொல்லுகிறான் என்று நினைத்தேன். விடாமல் பிடித்துக்கொண்டே காவலரணுக்குக் கூட்டிப்போனான். அங்கே எல்லாரும் என்னைப் பார்த்து வாயை அசைத்தார்கள். பாராட்டுகிறார்கள் என்று நினைத்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கையெழுத்துக் கேட்டார்கள், போட்டேன். பிறகு கூட்டில் போட்டார்கள். இவ்வளவு நாள் வைத்திருக்கிறார்களே, அவன் செத்துத்தான் போயிருக்க வேண்டும் என்று நினைத்தேன். தினமும் அவனுக்காகச் செபமாலை சொல்லுகிறேன்.

அற்புதராணி கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். காவலாளி நிமிர்ந்து பார்த்தார். அழுவது கதைப்பதாகாது என்று முடிவு செய்து, மீன் முள்ளை எடுத்துப் போட்டார். அவள் கண்ணைத் துடைத்துவிட்டுக் கையால் சொன்னாள்: சாகவில்லை. வெளியே நிற்கிறான். பிறகு வீட்டுக் கதை, வலைக் கதை, தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்த கதை எல்லாம் சொன்னாள். மூன்றரை மணிக்கு அன்றைய வழக்குகள் முடிந்து மன்று எழும்பியது. பாதிக் கதையில் அவளை வெளியே விட்டார்கள்.

வாசலில் பொலிஸ் ஜீப்புக்குப் பக்கத்தில் லக்ஷன் நின்றான். அவள் நேரே போனாள்.

“தம்பி, முழங்கால் இப்ப எப்பிடி?”

“மாறீட்டுது அக்கா.”

“வாய்க்காலுக்குள்ளாலை உம்மை ஆர் தூக்கிவிட்டது?”

அவன் ஜீப்பைப் பார்த்தான். உள்ளே சார்ஜன் இருந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு மெல்லச் சொன்னான்: “அது குறிப்புப் புத்தகத்திலை இல்லை அக்கா.”

தக்சாயினி கோப்புகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தாள். “அக்கா, குறை நினைக்காதேங்கோ. இருபத்தெட்டாம் திகதி நான் எப்பிடியும் பேசுவன். நீங்கள் மட்டும் தயவுசெய்து கையைத் தூக்காதேங்கோ. திரும்பவும் உள்ளுக்குப் போட்டிடுவினம்.”

“தூக்குவன் பிள்ளை,” என்றாள் அற்புதராணி. “அண்டைக்கு எங்கடை வழக்கை முதல் வழக்காய் எடுக்கச் சொல்லி மட்டும் ஒருக்கால் கேட்டுப்பாருங்கோ. காலமை ஒன்பது மணிக்கே உள்ளுக்குப் போட்டினமெண்டால், பின்னேரம் வரைக்கும் ஆறுதலாய்க் கதைச்சுக்கொண்டு இருக்கலாம்.”